டிபோர்ட் ஆனவர் மறுபடி விசா கேட்கும்போது

மும்பையில் தாராவி 90 அடி ரோட்டிலும் ஆன்டாப் ஹில்லிலும் செம்பூரிலும் இந்தக் கேள்வி ஒரே மாதிரிதான் வரும்: "டிபோர்ட் பண்ணிட்டாங்க, இனிமே வெளிநாடு போக முடியுமா?" கேட்டவுடனே முடியும் என்றோ முடியாது என்றோ பதில் சொல்லும் ஏஜென்ட் முன்னால் உட்கார்ந்திருந்தால் எழுந்து வந்துவிடலாம். ஏனென்றால் பதிலுக்கு முன்னால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். அனுப்பும்போது கையில் என்ன காகிதம் கொடுத்தார்கள், அதில் எங்கே கையெழுத்துப் போட்டீர்கள்?

ஒரே விமானத்தில், ஒரே வரிசையில் உட்கார்ந்து திரும்பி வந்த இருவரில் ஒருவர் அடுத்த மாதமே விசா கேட்கலாம். இன்னொருவர் ஆயுள் முழுக்கக் கேட்டாலும் கிடைக்காமல் போகலாம். பட்ட அவமானம் இருவருக்கும் ஒன்றுதான். காகிதம் வேறு.

டிபோர்ட் ஆகாததை முதலில் கழித்துவிடுவோம். சகார் விமான நிலையத்தில் நம் ஊர் குடியேற்ற அதிகாரியே விமானம் ஏற விடாமல் நிறுத்தினால் அது ஆஃப்லோடு. எந்த வெளிநாடும் உங்களைத் திருப்பி அனுப்பவில்லை. விசா பாரத்தில் அதை டிபோர்ட் என்று எழுத வேண்டியதில்லை. அங்கே போய் இறங்கி, கவுன்டரிலேயே மறுத்து அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டால் அது நுழைவு மறுப்பு. மலேசியாவில் இதை 'நாட் டு லேண்ட்' என்பார்கள். கூட்டி வந்த விமான நிறுவனமே திருப்பிக் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலான நாடுகளில் இதனால் நாடுகடத்தல் உத்தரவு பிறப்பதில்லை. ஆனால் 'நுழைவு மறுக்கப்பட்டதா' என்று தனியாகக் கேட்கும் பாரங்கள் நிறைய உண்டு. அங்கே ஆம் என்றுதான் எழுத வேண்டும்.

அமெரிக்காவில் இந்தக் கவுன்டர் விவகாரமே இரண்டு கிளையாகப் பிரிகிறது. தனி அறையில் உட்காரவைத்து விசாரித்த பிறகு, 'உள்ளே வரும் விண்ணப்பத்தை நானே திரும்பப் பெறுகிறேன்' என்று எழுதிக் கொடுக்க அதிகாரி அனுமதிக்கலாம். அதற்கான படிவம் ஐ-275. விசா ரத்தாகும், ஆனால் வருடக் கணக்கில் தடை எதுவும் இல்லை. அனுமதிக்காவிட்டால் உடனடி வெளியேற்ற உத்தரவு போடுவார், படிவம் ஐ-860. அதில் குறைந்தது 5 வருடத் தடை. திரும்பப் பெறுவது உங்கள் உரிமை இல்லை, அதிகாரியின் விருப்பம். ஆனாலும் வாய்விட்டுக் கேட்கலாம், கேட்க வேண்டும். கேட்காதவருக்கு அப்படி ஒரு வழி இருப்பதையே யாரும் சொல்லாமல் போவதும் உண்டு.

இதைவிட ஆழமான குழி ஐ-860க்குள்ளேயே இருக்கிறது. எந்தச் சட்டப் பிரிவின்கீழ் அனுப்புகிறார்கள் என்று அதில் எழுதியிருக்கும். 212(ஏ)(7) மட்டும் இருந்தால், சரியான விசா கையில் இல்லை என்று பொருள். 5 வருடத்தோடு போச்சு. 212(ஏ)(6)(சி) சேர்ந்திருந்தால், பொய் சொல்லி விசாவோ நுழைவோ பெற முயன்றார் என்று பொருள். அது ஆயுள் தடை, விலக்கு வாங்கினால்தான் நகரும். அந்த இரண்டாவது பிரிவு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நீங்கள் கையெழுத்திட்ட வாக்குமூலத்திலிருந்து. கேள்வி பதிலாக ஆங்கிலத்தில் அடித்து, பக்கத்துக்குப் பக்கம் இனிஷியல் வாங்குவார்கள். பன்னிரண்டு பதினைந்து மணி நேரம் பறந்த களைப்பில், சுற்றுலா விசாவில் வந்தவர் 'மச்சான் கடையில் கூடமாட இருப்பேன்' என்று சொன்னது, 'வேலை செய்யும் எண்ணத்தை மறைத்தேன்' என்று பதிவாகிவிட்டால் கதை முடிந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். பெரும்பாலும் போனில்தான் வருவார், பரவாயில்லை. படித்துக் காட்டச் சொல்லுங்கள், தப்பாக இருக்கும் வரியைத் திருத்தச் சொல்லுங்கள், பிறகு கையெழுத்திடுங்கள்.

உள்ளே தங்கியிருந்து, குடியேற்ற நீதிபதி முன்னால் வழக்கு நடந்து உத்தரவு வந்தவருக்கு 10 வருடம். இரண்டாவது முறை என்றால் 20. கடுங்குற்றப் பட்டியலில் வரும் தண்டனை இருந்தால் நிரந்தரம். விசாரணைக்குப் போகாமல் இருந்துவிட்டால் நீங்கள் இல்லாமலே உத்தரவு போட்டுவிடுவார்கள். தகுந்த காரணம் காட்ட முடியாவிட்டால் அதற்குத் தனியாக ஒரு 5 வருடத் தடையும் உண்டு. நோட்டீஸே வந்து சேரவில்லை என்றால் அந்த உத்தரவை எப்போது வேண்டுமானாலும் மறுபடி திறக்கக் கேட்கலாம். நோட்டீஸ் கிடைத்தும் ஆஸ்பத்திரி மாதிரி தவிர்க்க முடியாத காரணத்தால் போக முடியவில்லை என்றால் 180 நாள்தான் கெடு. விலாசம் மாறியதைத் தெரிவிக்காமல் இருந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

உத்தரவுக்குப் பதிலாக 'தானாக வெளியேறுதல்' என்று நீதிபதியிடம் கேட்டு வாங்க முடியும். வழக்கு முடியும் முன்னால் கேட்டால் 120 நாள் வரையும், முடிவில் கேட்டால் 60 நாள் வரையும் அவகாசம் கிடைக்கும். சொன்ன தேதிக்குள் கிளம்பிவிட்டால் நாடுகடத்தல் உத்தரவு உங்கள் பெயரில் இருக்காது. ஒரு நாள் தப்பினாலும் அது உத்தரவாக மாறும், அபராதம் வரும், அங்கேயே நிவாரணம் கேட்கும் வழிகள் 10 வருடத்துக்கு அடைபடும். உத்தரவு ஏற்கெனவே வந்துவிட்ட பிறகு சொந்த டிக்கெட்டில் கிளம்பினால் அது இந்தச் சலுகையில் சேராது. அது உத்தரவு நிறைவேறியதாகவே கணக்கு. 2025-இல் அரசே ஆப் மூலம் கிளம்புபவர்களுக்கு 1000 டாலர் என்று அறிவித்தது. பணம் வாங்கிக்கொண்டு கிளம்பியதால் கீழே சொல்லும் கணக்குகள் அழிந்துவிடாது.

இதெல்லாம் உத்தரவுக் கணக்கு. இதற்குப் பக்கத்தில், உத்தரவே இல்லாமல் ஓடும் இன்னொரு கணக்கு இருக்கிறது. சட்டவிரோதமாகத் தங்கிய நாள் 180-ஐத் தாண்டி ஒரு வருடத்துக்குள் இருந்து, வழக்குத் தொடங்கும் முன் நீங்களே கிளம்பினால் 3 வருடத் தடை. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் 10. இந்தத் தடை நாட்டைவிட்டு வெளியே கால் வைக்கும்போதுதான் விழும் என்பதால், அங்கே இருக்கும்வரை யாருக்கும் உறைப்பதில்லை. 18 வயதுக்குள் இருந்த நாள்கள் சேராது. மாணவர் விசாவில், ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் தேதிக்குப் பதிலாக 'டி/எஸ்' (படிப்பு நிலை நீடிக்கும் வரை) என்று இருந்தால், அதிகாரியோ நீதிபதியோ மீறல் என்று முடிவு சொன்ன பிறகுதான் எண்ணத் தொடங்குவார்கள். கொடுத்த தேதியைத் தாண்டி ஒரே ஒரு நாள் தங்கினால்கூட, தடை வராவிட்டாலும் கையில் இருக்கும் விசா செல்லாததாகிவிடும். பத்து வருட விசா என்று நம்பி மறுபடி விமானம் ஏறுபவர் அங்கே இறங்கித்தான் இதைத் தெரிந்துகொள்வார்.

டங்கி ரூட்டில், அதாவது விசா இல்லாமல் கள்ளத்தனமாக எல்லை தாண்டிப் போய் மாட்டியவர்கள் நிலை தனி. 2025 பிப்ரவரி 5 அன்று 104 பேரோடு அமிர்தசரஸில் இறங்கிய அமெரிக்க ராணுவ விமானத்தை எல்லோரும் டிவியில் பார்த்தோம். கையில் விலங்கு இருந்ததைப் பேசினோம், கையில் இருந்த காகிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்படி வந்தவர் இன்னொரு முறை எல்லையைத் தாண்டினால் நிரந்தரத் தடை. 10 வருடம் வெளியே கழித்த பிறகுதான் அனுமதி கேட்கவே முடியும். அதோடு அது கிரிமினல் குற்றம்: 2 வருடம் வரை சிறை, பழைய தண்டனைகள் இருந்தால் 10, 20 என்று ஏறும். பழைய உத்தரவையே தூசிதட்டி எடுத்து அனுப்பிவிடுவார்கள், புது விசாரணை கிடையாது. 'ரெண்டாவது ட்ரிப் பாதி ரேட்' என்று பேசும் ஏஜென்ட் இதைச் சொல்லமாட்டார்.

தடைக்காலம் நீங்கள் கிளம்பிய தேதியிலிருந்து ஓடும். அந்தத் தேதியை நிரூபிக்க போர்டிங் பாஸும், இந்தியாவில் இறங்கியதற்கான முத்திரையும் வேண்டும். முத்திரை விழுந்த பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பல வீடுகளில் அவமானச் சின்னம் என்று முதலில் கொளுத்துவது அதைத்தான். தடைக்காலம் முடியும் முன்னாலேயே போக வேண்டியிருந்தால், குடியேற்ற விசாவுக்கு ஐ-212 மூலம் அனுமதியும், தங்கிய நாளுக்கோ பொய்க்கோ ஐ-601 மூலம் விலக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்று கிடைத்ததும் இன்னொன்று தானாக வராது. ஐ-601-இல் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன், மனைவி, அப்பா, அம்மா ஆகியோருக்கு வரும் கடும் இன்னலைத்தான் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கு வரும் இன்னல் நேரடியாகக் கணக்கில் சேராது என்பது பலரை உட்காரவைத்துவிடும் செய்தி.

சுற்றுலா, மாணவர், எச்-1பி விசாக்களுக்கு வேறொரு விலக்கு, 212(டி)(3). மும்பை பிகேசியில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இன்டர்வியூ நடத்தும் அதிகாரி பரிந்துரைக்க வேண்டும், முடிவெடுப்பது அமெரிக்காவில் எல்லைப் பாதுகாப்புத் துறையின் தனி அலுவலகம். அவர்கள் எடைபோடுவது மூன்று: உங்களை உள்ளே விட்டால் சமூகத்துக்கு ஆபத்து உண்டா, பழைய மீறல் எவ்வளவு கடுமையானது, இப்போது போகும் காரணம் என்ன. கம்பெனி எச்-1பி மனு போட்டு அனுமதியும் வாங்கிவிட்டது என்பதால் தடை நீங்காது. மனு வேறு, விசா வேறு. மாதக்கணக்கில் இழுக்கும் என்பதைக் கம்பெனியிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எந்தப் பிரிவில் அனுப்பினார்கள் என்றே தெரியாதவர்கள் அமெரிக்கத் தகவல் உரிமைச் சட்டப்படி தங்கள் கோப்பைக் கேட்கலாம். மும்பையில் உட்கார்ந்தே ஆன்லைனில் போடலாம். எல்லைப் பாதுகாப்புத் துறைக்கு ஒன்று, குடியேற்றச் சேவைத் துறைக்கு ஒன்று என்று தனித்தனியாக. 'ஏ' எழுத்தில் தொடங்கும் எண் உங்கள் காகிதத்தில் இருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். கோப்பு வரும்முன் விசா பாரம் நிரப்புவது கண்ணை மூடிக்கொண்டு ரோடு தாண்டுவது மாதிரி.

வளைகுடா கதைக்கு வருவோம், நம் ஆட்களில் அதிகம் பேர் அங்கிருந்துதானே திரும்புகிறார்கள். பாஸ்போர்ட் கஃபீல் (ஸ்பான்சர் முதலாளி) கையில், இகாமா (தங்கும் அனுமதி அட்டை) காலாவதி, ஹுரூப் (ஓடிப்போனதாக முதலாளி தரும் புகார்) போட்டாச்சு, தூதரகத்தில் அவுட்பாஸ் வாங்கிக்கொண்டு ஊர். இதில் அவுட்பாஸ் என்பது இந்தியத் தூதரகம் தரும் ஒருவழிப் பயண ஆவணம் மட்டுமே. அது தடையைக் கொண்டுவருவதுமில்லை, நீக்குவதுமில்லை. தடையைத் தீர்மானிப்பது வெளியேறிய விதம். அபராதம் கட்டி ஃபைனல் எக்ஸிட்டில் (இறுதி வெளியேற்ற அனுமதியில்) வந்தீர்களா, பொதுமன்னிப்பில் வந்தீர்களா, தர்ஹீல் என்ற தடுப்புக் காவலில் அடைத்துக் கைரேகை எடுத்து அனுப்பினார்களா?

பொதுமன்னிப்பு வந்தால் அதில் கிளம்பிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்பதற்குக் கணக்கே சாட்சி. 2024-இல் குவைத் மார்ச் 17 முதல் ஜூன் 30 வரை அறிவித்ததில் அபராதமில்லாமல் வெளியேறியவர் புது விசாவில் திரும்ப வர வழி இருந்தது. அமீரகம் அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை திறந்து வைத்ததில் அபராதமும் தள்ளுபடி, நுழைவுத் தடையும் இல்லை. அமீரகத்தில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் ஏறுகிறது. ஒரு வருடத்துக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் நாலு மாசம் சம்பாதித்துவிட்டுப் போகலாம் என்று வாசலை விட்டவர் அடுத்த சோதனையில் பிடிபட்டால், அதன்பிறகு அவர் டிபோர்ட் ஆனவர்தான்.

அமீரகத்தில் டிபோர்ட்டும் இரண்டு வகை. கோர்ட் தண்டனையோடு சேர்த்துச் சொன்னது ஒன்று, நிர்வாகமே முடிவெடுத்தது இன்னொன்று. எதுவானாலும் அடையாள, குடியுரிமை ஆணையத் தலைவரின் அனுமதி இல்லாமல் திரும்ப முடியாது. எத்தனை வருடம் கழித்துத் தானாக நீங்கும் என்று ஒரு கணக்குக் கிடையாது. மனு போட அங்கே ஒருவருக்கு பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்க வேண்டுமானால் அபோஸ்டில் என்ற ஒற்றை முத்திரைச் சான்று செல்லாது. நோட்டரி, மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், கடைசியாக அமீரகத் துணைத் தூதரகம் என்று படி ஏற வேண்டும். இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்க்க வேண்டும். செக் பவுன்ஸ், வங்கிக் கடன் வழக்கில் வருவது நாட்டைவிட்டு வெளியேறத் தடை. டிபோர்ட் என்பது உள்ளே நுழையத் தடை. கடனோடு ஓடிவந்தவருக்கு டிபோர்ட் பதிவு இல்லாமல் இருக்கலாம், ஆனால் இறங்கியவுடன் பிடிக்கும் வழக்கு காத்திருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

ஒரு வளைகுடா நாட்டில் தொழிலாளர் தகராறில் விழுந்த தடை பெரும்பாலும் அந்த நாட்டோடு நிற்கும். போதைப்பொருள், திருட்டு போன்ற குற்ற வழக்கில் அனுப்பினால் பக்கத்து நாட்டுக் கவுன்டரிலும் மணி அடிக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் போக நினைப்பவருக்கு ஒரே வரி: விசா முடிந்து 90 நாளுக்கு மேல் தங்கினால் அங்கே ஆண்களுக்குச் சிறையோடு குறைந்தது 3 பிரம்படியும் சட்டத்திலேயே இருக்கிறது, 'சமாளிக்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். பிரிட்டனில் யார் செலவில் கிளம்பினீர்கள் என்பதை வைத்தே தடை ஏறுகிறது. சொந்தச் செலவில் தானாகக் கிளம்பினால் 1 வருடம், அரசுச் செலவில் தானாகக் கிளம்பினால் எவ்வளவு சீக்கிரம் என்பதைப் பொறுத்து 2 அல்லது 5, பிடித்து ஏற்றி அனுப்பினால் 10. ஒரு விமான டிக்கெட் விலைக்கு ஒன்பது வருட வித்தியாசம். ஷெங்கன் நாடுகளில் ஒன்று போடும் நுழைவுத் தடை, பொதுவாக 5 வருடம் வரை, எல்லோருக்கும் பொதுவான பதிவேட்டில் ஏறும். ஜெர்மனி தடுத்தால் பிரான்ஸ் வாசலும் மூடிவிட்டது. ஆஸ்திரேலியாவில் 28 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கிவிட்டுக் கிளம்பினால் 3 வருடம். அரசு செலவழித்து அனுப்பியிருந்தால் அந்தப் பணம் உங்கள் கடனாக நிற்கும், அதைக் கட்டவோ கட்ட ஏற்பாடு செய்யவோ வேண்டும்.

கனடாவில் மூன்று உத்தரவு. முதலாவதில் 30 நாளுக்குள் கிளம்ப வேண்டும், விமான நிலையத்தில் எல்லைச் சேவை அதிகாரியைப் பார்த்துப் புறப்பாட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்கினால் தடையே இல்லை. கிளம்பியும் சான்றிதழ் வாங்காமல் வந்துவிட்டால் அது தானாகவே மூன்றாவது வகையான நாடுகடத்தல் உத்தரவாக மாறி, எத்தனை வருடமானாலும் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் திரும்ப முடியாது. விமான நிலையத்தில் அரை மணி நேரச் சோம்பல் போதும் இதற்கு. இடையில் உள்ள இரண்டாவது வகையில் 1 வருடம், தகவல் மறைப்பு என்றால் 5.

இனி பலர் பயப்படும் கேள்வி: ஒரு நாடு அனுப்பினால் மற்ற நாடுகள் மறுக்குமா? சட்டப்படி அமெரிக்கத் தடை கனடாவைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் கைரேகைகளை ஒப்பிட்டுக்கொள்கின்றன. பாரங்களும் 'எந்த நாட்டிலிருந்தாவது' என்றுதான் கேட்கின்றன. அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 பாரத்தில், எப்போதாவது வெளியேற்றப்பட்டீர்களா என்று ஒரு கேள்வி. விசா மறுப்பு, நுழைவு மறுப்பு, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது பற்றி இன்னொரு கேள்வி. ஐ-275-இல் வந்தவர் முதலாவதற்கு இல்லை, இரண்டாவதற்கு ஆம் என்று போட வேண்டும். மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் அடி. தடைக்காலம் முடிந்துவிட்டது என்பதும் இங்கே காரணம் ஆகாது, கேள்வி 'எப்போதாவது' என்று இருக்கிறது.

மறைத்தால் என்ன விலை? பிரிட்டன் 10 வருடம், கனடா 5, ஆஸ்திரேலியா 3, அடையாளத்தையே மாற்றியிருந்தால் 10, அமெரிக்கா ஆயுள். குவைத்தில் 2012-இல் இகாமா தகராறில் திரும்பியதை ஒளிக்கப் போய் டொரன்டோ வாசலை 5 வருடம் மூடிக்கொள்வது எந்தக் கணக்கில் லாபம்? ஆம் என்று போட்டுவிட்டு, விளக்கத்தை நாலு வரியில் முடியுங்கள்: எந்தத் தேதி, எந்த ஊர், எந்தக் காரணம், அதன்பிறகு எந்தெந்த நாடுகளுக்குப் போய் ஒழுங்காகத் திரும்பினீர்கள். கஃபீல் செய்த கொடுமையை நாலு பக்கம் எழுதினால் அதிகாரி படிக்கமாட்டார். காகிதத்தின் நகலை இணையுங்கள், அது போதும்.

ஏஜென்ட் இந்த இடத்தில் ஒரு யோசனை சொல்வார்: பாஸ்போர்ட் தொலைந்தது என்று போலீசில் எழுதிக் கொடு, இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிப் புது பாஸ்போர்ட் எடு. நம் பெயர்முறை இதற்கு வசதியாகத்தான் இருக்கிறது, எம். முருகன் முருகன் மாடசாமி ஆவதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் விரல் மாறாது. முன்பு வேறு பெயர் இருந்ததா என்று பாரம் கேட்கும், புது பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பழைய எண் அச்சாகியிருக்கும். மறுப்பு முத்திரை உள்ள பக்கத்தைக் கிழிப்பது இன்னும் மோசம். கிழிந்த பக்கத்தோடு சகாரில் பிடிபட்டு வழக்கு வாங்கியவர்கள் பற்றிச் செய்தி அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது.

நம் அரசின் பாஸ்போர்ட் பாரமும் இதையெல்லாம் கேட்கிறது: எமர்ஜென்சி சர்டிபிகேட்டில் (அவுட்பாஸில்) திரும்பினீர்களா, டிபோர்ட் ஆனீர்களா, அரசுச் செலவில் அழைத்துவரப்பட்டீர்களா. அவுட்பாஸின் எண்ணும் தேதியும் வேண்டும். அதை இறங்கியதும் வாங்கிவிடுவார்கள் என்பதால் விமானம் ஏறும் முன்பே போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். டிபோர்ட் ஆனது மட்டும் பாஸ்போர்ட் மறுக்கக் காரணம் இல்லை. அரசு செலவழித்து அழைத்துவந்து, அந்தப் பணத்தை நீங்கள் திருப்பிக் கட்டாமல் இருந்தால், 1967 பாஸ்போர்ட் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி மறுக்கலாம். கட்டிய ரசீது இருந்தால் பிகேசி விதேஷ் பவனில் உள்ள பாஸ்போர்ட் அலுவலகத்தில் பேச்சு முடிந்தது. பாரத்தில் மறைத்தால் 12-ஆம் பிரிவு: 2 வருடம் வரை சிறை, அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாஸ்போர்ட்டையே பறிமுதல் செய்யவும் முடியும்.

அதே விதேஷ் பவனில்தான் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும் இருக்கிறது. மறுபடி வளைகுடாவுக்கு அனுப்புகிறேன் என்பவர் இ-மைக்ரேட் என்ற அரசுத் தளத்தில் பதிவு பெற்றவரா என்று அங்கே கேட்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டும். 'பேன் (தடை) கிளியர் பண்ணித் தர்றேன்' என்று இங்கே எந்த ஏஜென்டுக்கும் அதிகாரம் இல்லை. அதற்காக முன்பணம் கேட்பவரிடம் எந்த அலுவலகத்துக்கு, எந்தப் படிவத்தில், யார் பெயரில் மனு போகும் என்று கேளுங்கள்.

பிள்ளைகளைப் பற்றிய பயம் ஒன்று மிச்சமிருக்கிறது. அப்பா டிபோர்ட் ஆனதால் மகனுக்கோ மகளுக்கோ படிப்பு விசா மறுக்கும் சட்டம் மேலே சொன்ன எந்த நாட்டிலும் இல்லை. கேள்விகள் விண்ணப்பிப்பவரைப் பற்றியவை. டிஎஸ்-160-இல் அப்பாவின் பெயர், பிறந்த தேதி, இப்போது அமெரிக்காவில் இருக்கிறாரா என்பது வரைதான் கேட்பார்கள். இன்டர்வியூவில் நேரடியாகக் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அதனால் வீட்டில் பிள்ளைக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.